சிவப்பு விளக்கும் ஒரு மிரட்டல் கடிதமும்

அத்தியாயம் 7

"மிரட்டல் கடிதம் எழுதறவன் கடைசி வரியில என்ன கேப்பான், வால்?"

மேடம் இதைக் கேட்டபோது மணி இரண்டு பத்து. ஸ்கூட்டரை நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். மேடம் பின்னால் உட்கார்ந்து அந்தக் கடிதத்தின் நகலை எட்டாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"பணம் கேப்பான் மேடம். பணம் இருக்கறவன்னா மந்திரி பதவி கேப்பான்."

"இவன் என்ன கேக்கறான்?"

"தன்னைக் கூப்பிடச் சொல்றான்."

"அதுதான் இடிக்குது," என்றார் மேடம்.

என் பெயர் வால் இல்லை. மேடம் போகிற இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போவதாலும், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாததாலும் அப்படி ஆகிவிட்டது. மேடத்தின் துப்பறியும் ஆபீஸில் சேரும் முன்பு லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தேன். மேடம் இருபத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊர் பேசுவதையெல்லாம் கேட்டவர். ஒருத்தர் பொய் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுவார்.

அன்று காலைதான் இந்த வழக்கு எங்களிடம் வந்தது. கொண்டு வந்தவள் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் வேலை பார்க்கும் ஒரு ஆபரேட்டர். அங்கே மொத்தம் பதினாலு மேசை. அவளுடையது ஏழாவது. எல்லாரும் அவளை ஏழாம் மேசை என்றே கூப்பிடுவார்கள்.

சுற்று வட்டாரம் முழுக்க யாருக்கு உயிர் ஆபத்து என்றாலும் போன் அடிப்பது அந்த மையத்துக்குத்தான். அத்தனை அழைப்புகளையும் வாங்கி மேசைகளுக்குப் பிரித்துக் கொடுப்பவை இரண்டு சர்வர்கள். கூடத்துக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அறை. அதில் ஒரே இரும்புச் சட்டத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக, அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். மேலே இருப்பவன் பெரியவன், கீழே இருப்பவன் சின்னவன். ஆபரேட்டர்கள் வைத்த பெயர். ஸ்டிக்கரிலும் அதையே எழுதி, கம்ப்யூட்டரிலும் அதையே ஏற்றிவிட்டார்கள். ஒருவன் வேலை செய்வான், மற்றவன் காத்திருப்பான். ஒருவனுக்கு உடம்புக்கு வந்தால் சுவரில் சிவப்பு விளக்கு எரியும். பேசிக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியாமலே மற்றவன் வேலையைக் கையில் வாங்கிக்கொள்வான்.

போன செவ்வாய்க்கிழமை காலை விளக்கு எரிந்தது. பெரியவனின் பவர் சப்ளையில் பழுது என்றது கம்ப்யூட்டர். சின்னவன் வேலையை வாங்கிக்கொண்டான். டெக்னீஷியன் விதிப் புத்தகத்தில் இருப்பதைத்தான் செய்தார்: பழுதானவனை நிறுத்திவிட்டுச் சரிபார்க்கப் போனார். நிறுத்திய அதே நொடியில் பதினாலு மேசையும் செத்துப் போயின.

ஒன்பது நிமிஷம் ஆயிற்று, திரும்ப உயிர் வர. ஏழாம் மேசையின் காதில் அப்போது ஒரு பெண், புருஷனுக்கு நெஞ்சு வலி என்று விலாசம் சொல்லிக்கொண்டிருந்தாள். தெருப் பெயர் வரைக்கும் வந்தது. லைன் வந்ததும் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் போய்ச் சேர்ந்து ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது.

கம்ப்யூட்டர் பதிவை எடுத்துப் பார்த்தால், 'சின்னவன் கையால் நிறுத்தப்பட்டது' என்று இருந்தது. நான் நிறுத்தியது பெரியவனைத்தான் என்று டெக்னீஷியன் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். மெஷின் பொய் சொல்லாது என்றார் மேலாளர். புதன்கிழமை டெக்னீஷியனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வியாழக்கிழமை வரை நியாயம் கேட்டுக்கொண்டிருந்த மனுஷன், வெள்ளிக்கிழமை விடிந்ததும் வாயை மூடிக்கொண்டார். அன்று மத்தியானமே மேலாளருக்கு அவர் கையெழுத்தில் இந்தக் கடிதம் வந்தது:

'மறுபடியும் சிவப்பு விளக்கு வந்தால் பெரியவனையும் தொடாதீர்கள், சின்னவனையும் தொடாதீர்கள். தொட்டால் செவ்வாய்க்கிழமை நடந்தது திரும்ப நடக்கும். என்னைக் கூப்பிடுங்கள். அந்த அறையில் நான் தனியாகப் பத்து நிமிஷம் இருக்க வேண்டும்.'

இன்று சனிக்கிழமை. நாலு மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. வேண்டுமென்றே செய்தார் என்று எழுதிவிட்டால் விஷயம் போலீஸுக்குப் போய்விடும். காலையில் எங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தபோது ஏழாம் மேசை அழவில்லை. குரல் மட்டும் காய்ந்து போயிருந்தது.

"என்கிட்டகூட பேச மாட்டேங்கறார் மேடம். அவர் செய்யலைன்னு எனக்குத் தெரியும். ஏன் வாயைத் திறக்க மாட்டேங்கறார்னுதான் தெரியலை. நீங்க ஒரு தடவை பேசிப் பாருங்க."

டெக்னீஷியன் அவளுடைய கணவர்.

* * *

மூன்றாவது மாடி வீடு. கதவைத் திறந்தவருக்கு நாலு நாள் தாடி. எங்களை உட்காரச் சொல்வதற்கு முன்பே கேட்டார்:

"அவ டியூட்டிக்குப் போயிட்டாளா?"

"போயிட்டாங்க," என்றார் மேடம். "உங்களைப் பார்க்கச் சொன்னதே அவங்கதான்."

அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மேடம் கடிதத்தை விரித்து மேசையில் வைத்தார்.

"தம்பி, இது மிரட்டல் இல்லை. எச்சரிக்கை. உங்க மேலாளர் இதை அவசரத்துல படிச்சுட்டார். நான் நிதானமாப் படிச்சேன்."

அவர் கடிதத்தைத் திருப்பி மேடம் பக்கமே நகர்த்தினார்.

"எதைத் தொட்டா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஏன்னு மட்டும் எழுதலை. ஏன்?"

நான் குறுக்கே புகுந்தேன்.

"சார், நாங்க உங்க கட்சி. எங்ககிட்டயே இப்படின்னா, நாலு மணிக்கு எதிர்க்கட்சிகிட்ட என்ன பேசப் போறீங்க?"

"ஒண்ணும் பேசப் போறதில்லை. என் தப்புன்னே எழுதிக்கட்டும்."

மேடம் தலையை லேசாகச் சாய்த்தார். காதில் ஏதோ பட்டுவிட்டது என்று அர்த்தம்.

அந்த நேரம் பார்த்து என் செல்போன் அடித்தது. ஏழாம் மேசை. மூச்சு வாங்கப் பேசினாள்.

"அண்ணா, மலை ரோட்டுல பஸ் ஒண்ணு கவுந்துடுச்சு. பதினாலு மேசையும் நிக்காம அடிக்குது. திரும்ப சிவப்பு விளக்கு எரியுது. பெரியவன் மொத்தமாப் போயிட்டானாம். மூணு மணிக்கு அவனை நிறுத்திட்டு வேற மெஷின் வைக்கப் போறாங்க. வெளியிலேர்ந்து இன்ஜினீயர் வந்திருக்கார்." அதற்குள் அடுத்த அழைப்பு வந்து வைத்துவிட்டாள்.

நான் சொன்னதைக் கேட்டதும் டெக்னீஷியன் எழுந்து நின்றுவிட்டார்.

"நிறுத்தக் கூடாது. அதை நிறுத்தக் கூடாது மேடம். நிறுத்த வேண்டியது அது இல்லை." சொன்னதும் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

மேடம் மெதுவாகப் பேசினார். "செவ்வாய்க்கிழமை நீங்க பெரியவனைத்தான் நிறுத்தினீங்க. கம்ப்யூட்டர் சின்னவன்னு சொல்லுது. நீங்களும் பொய் சொல்லலை, அதுவும் பொய் சொல்லலை. அப்படித்தானே?"

அவர் கைகூப்பினார். "என்னை அந்த ரூமுக்குள்ள பத்து நிமிஷம் விடச் சொல்லுங்க. யாருக்கும் தெரியாம சரி பண்ணிட்டு வந்துடறேன். அப்புறம் என்ன வேணா பண்ணட்டும்."

"யாருக்குத் தெரியக் கூடாது?"

அவர் கண் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவுக்குப் போய்விட்டுத் தரைக்கு வந்தது. அவ்வளவுதான்.

மேலாளருக்கும் ஏழாம் மேசையின் செல்லுக்கும் போன் போட்டோம். எடுக்கவில்லை. மையத்தின் பொது எண்ணுக்குப் போட முடியாது. பஸ்ஸில் அடிபட்டவர்கள் கூப்பிடும் எண் அது. மணி இரண்டு முப்பத்தாறு.

"வால், வண்டியை எடு."

* * *

ஸ்கூட்டருக்கு இவ்வளவு வேகம் உண்டு என்று எனக்கே தெரியாது. எதிர்த் திசையில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக அலறிக்கொண்டு போயின. அத்தனைக்கும் வழி சொல்லிக்கொண்டிருப்பது அந்தப் பதினாலு மேசை.

"இன்னொரு விஷயம் யோசிச்சியா?" என்றார் மேடம் என் காதருகே. "புதன்கிழமையிலேர்ந்து பெரியவனோட பவர் சப்ளையை ரெண்டு தடவை புதுசா மாத்திட்டாங்கன்னு காலையில அவ சொன்னாளே. ஒவ்வொருத்தனுக்கும் ரெண்டு சப்ளை, நிறுத்தாமலே ஒண்ணொண்ணா மாத்தலாமாம். பழுது திரும்பத் திரும்ப வருது."

"புதுசும் டூப்ளிகேட்டா இருக்கும்."

"ஒருத்தனுக்குக் காய்ச்சல். நீ ஊசியை அவன் தம்பிக்குப் போடறே. காய்ச்சல் இறங்குமா?"

பிரேக் போடாமலே நான் பாதி திரும்பிவிட்டேன். "ரோட்டைப் பாரு," என்றார்.

மையத்தின் வாசலில் காவலாளி குறுக்கே கையை நீட்டினார். அனுமதிச் சீட்டு வேண்டுமாம். மணி இரண்டு ஐம்பத்து நாலு. எனக்குத் தெரிந்த ஒரே பொய்யைச் சொன்னேன்.

"லிஃப்ட்டுல ஆள் மாட்டிக்கிட்டாங்கன்னு போன் வந்துச்சு. மெக்கானிக் நான்தான்."

காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இது மாடியே இல்லாத கட்டடம்யா. லிஃப்ட் எங்க வெச்சிருக்கோம், உன் தலையிலயா?"

எந்தப் பக்கத்துக் கட்டடமாக இருக்கும் என்று நான் அவரிடமே வழி கேட்க ஆரம்பித்தேன். அவர் விளக்கி முடிப்பதற்குள் மேடம் உள்ளே போய்விட்டார். பிறகு நானும் ஓடினேன். அவரும் என் பின்னால் ஓடி வந்தார்.

கூடத்துக்குள் நுழைந்ததும் அந்தச் சத்தம் என்னை நிறுத்தியது. பதினாலு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். 'ரத்தம் வர இடத்துல துணியை வெச்சு அழுத்துங்க', 'குழந்தை மூச்சு விடுதா பாருங்க', 'வண்டி வந்துட்டே இருக்கு, போனை வைக்காதீங்க'. ஏழாம் மேசை என்னைப் பார்த்தாள். பேச்சை நிறுத்தவில்லை. கண்ணாலேயே பின் அறையைக் காட்டினாள்.

கண்ணாடி அறையில் மேலாளர், கண் கைக்கடிகாரத்தில். இன்ஜினீயர் இரும்புச் சட்டத்தின் முன்னால் குனிந்திருந்தார். 'பெரியவன்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய மூடியில் ஒரு துளை; அதன் வழியாகப் பட்டன் மேல் அவர் கட்டைவிரல்.

"அதை அமுக்காதீங்க," என்றார் மேடம்.

மேலாளர் திரும்பினார். "யார் நீங்க? உள்ள யார் விட்டது?"

"டெக்னீஷியன் வீட்டுலேர்ந்து வரோம்."

"ஓ. கடிதம் பத்தலைன்னு ஆள் வேற அனுப்பறானா? வெளியே போங்க. இங்க மனுஷங்க உயிர் போய்க்கிட்டிருக்கு." அவர் குரல் உடைந்திருந்தது. அவரும் நாலு நாளாகச் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று தோன்றியது. "சார், நீங்க அமுக்குங்க."

"ஒரே ஒரு கேள்வி," என்றார் மேடம். "பெரியவன் எவன்?"

"கண்ணு தெரியலையா? எழுதி ஒட்டியிருக்கு."

"அது ஸ்டிக்கர் சொல்றது. அவனையே கேட்டீங்களா? எங்க எக்ஸ்சேஞ்சுல வரிசையா நூறு பெட்டி இருக்கும். எதுன்னு சந்தேகம் வந்தா ஸ்கிரீன்லேர்ந்து கட்டளை குடுப்போம், அந்தப் பெட்டி மட்டும் விளக்கைச் சிமிட்டும். இதுல அந்த வசதி இல்லையா, இன்ஜினீயர் சார்?"

இன்ஜினீயர் விரலை எடுக்காமலே மேலாளரைப் பார்த்தார். "இருக்கு. நீல விளக்கு ஒண்ணு. அரை நிமிஷ வேலைதான்."

"அரை நிமிஷம்தானே," என்றேன் நான். காவலாளி என் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார். "அதுவரைக்கும் என்னைப் பிடிச்சு வெச்சிருக்கட்டும்."

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். இன்ஜினீயர் கம்ப்யூட்டரின் முன்னால் போய் உட்கார்ந்தார். திரையில் 'பெரியவன்' என்பதைத் தேர்ந்தெடுத்து ஒரு தட்டுத் தட்டினார்.

எல்லாரும் மேலே இருந்த மெஷினைப் பார்த்தோம்.

ஒன்றும் நடக்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் யாரோ, 'அம்மா, பயப்படாதீங்க, நான் லைன்லதான் இருக்கேன்' என்று சொல்வது கேட்டது.

பிறகு கீழே, 'சின்னவன்' என்று ஒட்டியிருந்த மூடியின் ஓரத்தில், நீலமாக ஒரு சின்னப் புள்ளி சிமிட்டியது. நின்றது. மறுபடி சிமிட்டியது.

இன்ஜினீயர் தன் கட்டைவிரலையே பார்த்தார். "அப்போ மேல இருக்கறதுதான் சின்னவன்," என்றார். "இப்போ எல்லா அழைப்பும் அதுலதான் ஓடுது. நான் அமுக்கியிருந்தா..." அந்த விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

மேடம் முடித்தார். "செவ்வாய்க்கிழமை கீழ இருக்கறவன் அரை உசுரோட இருந்தான். ஒன்பது நிமிஷத்துல எழுந்துட்டான். இன்னிக்கு எழுந்தே இருக்க மாட்டான். ரெண்டு பேரோட மூடியும் இடம் மாறி மாட்டியிருக்கு. ரெண்டும் ஒரே அச்சு, எவன் மேல எவன் கீழன்னு யாரும் நினைவு வெச்சுக்கலை, ஸ்டிக்கரைத்தான் நம்பினாங்க. டெக்னீஷியன் ஸ்டிக்கரைப் பார்த்து நிறுத்தினார். கம்ப்யூட்டர் உள்ள இருக்கற மெஷினோட பேரை எழுதிச்சு."

மேலாளர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

இன்ஜினீயர் தாமதிக்கவில்லை. கீழே இருந்ததன் பட்டனில் விரலை வைத்தார். இந்தத் தடவை நாங்கள் யாரும் மெஷினைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாகக் கூடத்தைத்தான் பார்த்தோம். அமுக்கினார். பதினாலு பேரில் ஒருத்தர் பேச்சும் தடைபடவில்லை. காவலாளி என் காலரை விட்டுவிட்டு, கசங்கிய இடத்தைத் தானே நீவிவிட்டார்.

"மூடியை மாத்தி மாட்டினது யாரு?" என்றார் மேலாளர், கொஞ்ச நேரம் கழித்து. "அவன்தானே? அவன் ரூம், அவன் பொறுப்பு."

"அது இப்போ அவசியமா?"

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. யார் என்ற கேள்வியை மேடம் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததே இல்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவசியம்தான். செத்துப் போனவர் வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது? போன மாசம் இந்த ரூமுக்குப் பெயின்ட் அடிக்கும்போது மூடிகளைக் கழட்டினாங்க, எனக்கு ஞாபகம் இருக்கு. திரும்ப மாட்டினது யாரு?"

"நான்தான் சார்."

கதவருகே ஏழாம் மேசை நின்றிருந்தாள். எந்த மருத்துவமனையில் எத்தனை படுக்கை காலி என்று எழுதிய தாள் கையில். மேலாளரிடம் கொடுக்க வந்திருக்கிறாள்.

"அவருக்கு அன்னிக்குக் காய்ச்சல், லீவுல இருந்தார். மூடி ரெண்டும் பெயின்ட் தெறிச்சு ஒரு மூலையில கிடந்துச்சு. வந்து பார்த்தா அவர் வருத்தப்படுவாரேன்னு சாப்பாட்டு நேரத்துல துடைச்சு நானே மாட்டிட்டேன். ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சு. ஸ்டிக்கரைப் பார்க்கணும்னு எனக்குத் தோணலை."

அவள் தாளை நீட்டினாள். மேலாளர் வாங்கிக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரருக்கு இது தெரியுமா?" என்று கேட்டார். குரலிலிருந்து கோபம் போயிருந்தது.

"தெரியாது சார். நான் சொன்னதே இல்லை. வியாழக்கிழமை பேச்சோட பேச்சா..." அவள் நிறுத்தினாள். வலது கை தானாகக் கதவைப் பிடித்தது. "வியாழக்கிழமை சொன்னேன். உங்க ரூமை எவ்வளவு பார்த்துப் பார்த்துத் துடைச்சு வெச்சேன், உங்களை இப்படிச் சொல்றாங்களேன்னு சொன்னேன்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவர் ஏன் வாயை மூடினார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. தனியாகப் பத்து நிமிஷம் கேட்டதும் புரிந்தது. மூடிகளை மாற்றி மாட்டிவிட்டு, பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு போயிருப்பார்.

நான் ஒரு நாற்காலியை இழுத்தேன். அவள் உட்காரவில்லை.

"பஸ் அழைப்பெல்லாம் இன்னும் முடியலை," என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போனாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். நாலே கால் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. விசாரணைக் குழு அவளுக்காகக் காத்திருந்தது.

* * *

குழுவின் முன்னால் எல்லாவற்றையும் அவளே சொன்னாள். கையெழுத்துப் போட்டும் கொடுத்தாள். டெக்னீஷியன் மேல் இருந்த குற்றச்சாட்டை அங்கேயே எடுத்துவிட்டார்கள். மூடியைக் கழற்றி வைத்தவர்கள் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டாமா, இரண்டு தடவை பவர் சப்ளை மாற்றியும் பழுது போகாதபோது ஒருத்தருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா என்று குழுத் தலைவி கேட்டார். தப்பில் தன் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொன்னார் மேலாளர். முழு விசாரணை முடியும் வரை ஏழாம் மேசை அழைப்பு எடுக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. பஸ்ஸில் இருந்த நாற்பத்தொரு பேரும் மருத்துவமனை போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று யாரோ வந்து சொன்னார்கள். அவள் கேட்டுக்கொண்டாள். முகம் மாறவில்லை.

"நீங்க முதல்லயே கண்டுபிடிச்சிட்டீங்க, இல்லையா மேடம்?" என்று வராந்தாவில் கேட்டேன்.

"கதவைத் திறந்ததும் அவர் கேட்டது பொண்டாட்டியைப் பத்தி. கவலைப்படற குரல் வேற, மறைக்கற குரல் வேற. ரெண்டும் ஒண்ணா இருந்துச்சு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியாமலே இருந்துட்டுப் போகட்டும்னு நானும் ஒரு நிமிஷம் நினைச்சேன் வால். தப்புதான்."

வாசலில் டெக்னீஷியன் நின்றிருந்தார். உள்ளே வர அவருக்கு இன்னும் அனுமதி இல்லை. காவலாளி தன் ஸ்டூலைக் கொடுத்தும் உட்காரவில்லையாம். அவள் வெளியே போய் அவர் எதிரில் நின்றாள். நாங்கள் தள்ளித்தான் இருந்தோம். ஆனால் மேடத்தோடு இத்தனை வருஷம் இருந்ததில் எனக்கும் காது கொஞ்சம் நீண்டுவிட்டது.

"வியாழக்கிழமையே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

அவர் தலையை ஆட்டினார்.

"அப்பவே ஏன் என்கிட்ட சொல்லலை?"

அவர் எதையோ சொல்ல ஆரம்பித்து விட்டுவிட்டார். பிறகு சொன்னார்:

"ராத்திரி புரிஞ்சதும் சொல்லலாம்னுதான் வந்தேன். செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் அன்னிக்குத்தான் நீ முதல் தடவையா கண்ணை மூடித் தூங்கிக்கிட்டிருந்தே."

அவள் அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது.

"இனிமே எழுப்பிடுங்க," என்றாள்.